டீக்கடை வரைக்கும்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, எங்கள் வீட்டில் தூரத்தை அடிக்கணக்கில் சொல்வதை விட்டுவிட்டோம். கரண்டுப் பெட்டி வரைக்கும், நீலக் கேட்டு வரைக்கும், புங்கமரம் வரைக்கும், டீக்கடை வரைக்கும். அவ்வளவுதான் எங்கள் அளவு. வாசலில் நின்றால் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்குத் தெரியும். பூந்தமல்லிக்கும் மாங்காட்டுக்கும் நடுவில் இருக்கிற சின்னத் தெரு அது. பாதி எங்களைப் போன்ற பழைய ஆட்களின் வீடு, மீதி வெளியூரிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் அடுக்குமாடி.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். வேலை முடிந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கினால் நேரே வீட்டுக்கு வரமாட்டார். தெருமுனை டீக்கடையில் நின்றபடியே ஒரு டீ குடித்து, இருக்கிறவர்களிடமெல்லாம் வாயடித்துவிட்டுத்தான் வருவார். "ஊட்ல இன்னா டீத்தூள் இல்லியா? கட்டின பொண்டாட்டி போட்டுக் குத்தா தொண்டைல எறங்காதா?" என்று நான் கத்தாத நாள் கிடையாது. "ஊட்டு டீல உன் கொரலும் கலந்து வருதே, மே" என்பார். அதற்கு மேல் எப்படித் திட்டுவது? சிரிப்பு வந்துவிடும்.

அப்படிப்பட்ட மனுஷன் வாய் கோணி, பேச்சுக் குழறிக் கட்டிலில் கிடந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதன்முதலாகப் புரியும்படி அவர் சொன்னது "டீ" என்பதுதான். நான் பதறிக்கொண்டு போய்ப் போட்டு எடுத்துவந்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுக் கண்ணால் வாசல் பக்கம் காட்டினார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. இந்த நிலைமையிலும் கடை டீதான் கேட்குதா இவருக்கு?

பயிற்சி கொடுக்க வீட்டுக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த பிசியோதெரபிப் பெண் அதையே பிடித்துக்கொண்டாள். "அங்கிள், நடந்து போய்க் கடை வாசல்ல நின்னு, நீங்களே க்ளாஸப் புடிச்சு டீ குடிக்கணும். அன்னிக்கு நீங்க பாஸ்" என்றாள். என்னை மட்டும் கேட்டுக்கு வெளியே அழைத்துவந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "மேடம், மொதல் கொஞ்ச மாசந்தான் காலு சொன்ன பேச்சு கேக்கும். இப்ப வர்றதுதான் வரும். நடக்க வைக்கிறத மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்திட்டா கால் இறுகிப்போயிடும், அவரு மனசும் விட்டுடும்."

நான் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர். காலையில் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை, மாலையில் வந்ததும் ஒருமுறை, அவரைத் தெருவில் இறக்கிவிடுவேன். வீட்டுக்குள் நடக்க இடம் ஏது? கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஆள் திரும்புவதே பெரும்பாடு. இடது கையில் நாலு கால் வைத்த ஊன்றுகோல், வலது பக்கம் நான். சித்திரையில் கரண்டுப் பெட்டியைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். வைகாசியில் நீலக் கேட்டு. அங்கே இருந்த நாய் கூட அவரைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டது. எதிர் அடுக்குமாடியில் இருந்த கோயம்புத்தூர்க்காரத் தம்பி பால்கனியிலிருந்து, "சூப்பர் அங்கிள், இன்னைக்கு ஸ்பீடு அதிகமுங்க" என்று குரல் கொடுப்பான். இவருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும், அந்தக் கோணல் வாயிலும்.

தெரு மட்டும் நடக்கிற மாதிரியா இருந்தது? குண்டும் குழியும், அங்கங்கே துருத்திய ஜல்லி. நல்ல மழை ஒன்று பெய்தால் தண்ணீர் எங்கள் படியை நனைத்துக்கொண்டு நிற்கும். வருஷக்கணக்காக மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தோம். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் வார்டு கவுன்சிலரம்மா வீடு வீடாக வந்து நல்ல செய்தி சொன்னார். தெருவுக்கு மழைநீர் வடிகால் கட்ட அனுமதி வந்துவிட்டது. அது முடிந்ததும் புது ரோடு, ஓரத்தில் நடக்கக் கல் பதித்த பாதை, விளக்கு. தெருவிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டது என் வீட்டுக்காரர்தான். "ரோடு மட்டும் வயவயன்னு ஆவட்டும், மே. அப்பால உன் கை கூட வாணாம் எனுக்கு" என்றார். சொல்லி முடிக்க நேரமானது, ஆனால் முழுசாகச் சொன்னார்.

ஒப்பந்தக்காரரின் ஆளாக ஒரு மேஸ்திரி வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்து மனுஷர், நிதானமாகப் பேசினார். அவர் சொன்னது இன்றும் வார்த்தை மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது. "கம்பி இன்னும் வரலைங்க. இப்ப இருக்கிற சாமான் பக்கத்துத் தெருவுக்குத்தான் சரியா இருக்கும். உங்க தெருவ ஆவணியில ஆரம்பிக்கிறோம். கட்டறதுக்குச் சாமான் கையில இருந்தாத்தான் தோண்டணும்" என்றார்.

யார் கேட்டது? ஆனி மாதம் முடிய சில நாள்தான் பாக்கி. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் யாரும் பூமி பூஜை போடமாட்டார்கள். வீடு குடிபோக மாட்டார்கள், போர் போட மாட்டார்கள், ஒரு கல்கூட நட மாட்டார்கள். ஆடி வரைக்கும் விட்டால் வேலை கைவிட்டுப் போகும் என்ற பயம் தெருவையே பிடித்துக்கொண்டது. பூஜை போட்டுவிட்டால் வேலை நம்முடையது, வேறு தெருக்காரன் தட்டிக்கொண்டு போகமுடியாது. இதுதான் எல்லோருடைய கணக்கும். "ஆவணின்னுவ. அப்பால பொரட்டாசின்னுவ. ஐப்பசில மழ வந்துச்சும்ப. கத உடாத மேஸ்திரி, ஆனிலயே பூஜயப் போடு" என்று டீக்கடைக்காரர் சண்டைக்கே போய்விட்டார். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் கணவரும் கையைத் தூக்கி, "போட்டுடு... மேஸ்திரி. நல்ல காரியம்... தள்ளிப் போடாத" என்றார். ஐயோ, எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது! குழறாமல் பேசினாரே என்று நான் வாய் பிளந்துகொண்டு நின்றேன்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் பூஜை. இடம் புங்கமரத்தடி. தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், மஞ்சள் குங்குமம் வைத்த கடப்பாறை எல்லாம் தயார். கவுன்சிலரம்மாதான் முதலில் மண்ணைக் குத்த வேண்டும். அவர் சுற்றிமுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருல மூத்த குடும்பம் டீச்சர் ஊடுதானே? அண்ணன் கையால ஆரம்பிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நீலக் கேட்டைத் தாண்டி அதுவரை என் கணவர் போனதில்லை. அன்றைக்குப் போனார். ஒவ்வொரு அடிக்கும் நின்று, மூச்சு வாங்கி, புங்கமரம் வரைக்கும் நடந்தே வந்தார். கடப்பாறையை இடது கையால் பிடித்தார். வலது கையை நான் தூக்கி அதன்மேல் வைத்தேன். விரல்கள் தானாக மடங்கி இரும்பைப் பிடித்தன, என் கண்ணால் பார்த்தேன். சொத்தென்று ஒரு குத்து. தெருவே கை தட்டியது. "அண்ணாத்தே, அடுத்தது டீக்கடதான்! என் கையால ஸ்பெசல் டீ" என்று டீக்கடைக்காரர் அங்கிருந்தே கூவினார். என் கணவர் டீக்கடையை நிமிர்ந்து பார்த்தார். போய்விடலாமா என்று அவர் கண் கேட்டது எனக்குத் தெரிந்தது. "நாளிக்குப் போலாம், இன்னிக்குப் போதும்" என்று நான்தான் திருப்பி அழைத்துவந்தேன்.

மண்ணைக் குத்திவிட்டு வேலையைச் சும்மா விட்டால் தெருவுக்கு ஆகாது என்று அடுத்த சாங்கியத்தைக் கிளப்பினார்கள். மறுநாள் பொழுது விடிந்ததும் ஜேசிபி வந்து நின்றது. எங்கள் பக்கம் முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஆள் இறங்கினால் தோள் மறையும் ஆழத்துக்கு வாரிப் போட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு வீட்டுப் படியும் பெயர்ந்து உள்ளே விழுந்தது. எங்கள் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் பள்ளம். கொஞ்ச நாள்தானே என்று அதைப் பார்த்தும் சந்தோஷப்பட்டோம். மேஸ்திரி சென்ட்ரிங் பலகை இரண்டைக் குறுக்கே போட்டுக் கொடுத்தார்.

ஆடி பிறந்தது. கம்பி வரவில்லை.

பலகைமேல் நான் போய்வந்துவிடுவேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கடவுளே கடவுளே என்று. அவர் எப்படிப் போவார்? நாலு கால் ஊன்றுகோல் பலகைக்குள் அடங்கவில்லை. ஒரு கால் அந்தரத்தில் நின்றது. பக்கத்தில் பிடிக்க எனக்கு இடமில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தோம். மூன்றாம் நாள் பலகை ஒரு ஆட்டம் ஆடியதும் அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன். இனிமேல் வாசல்படி இருந்த இடத்திலேயே நின்று திரும்பச் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாளுதான" என்றார். எனக்கு அவர் ஆறுதல் சொன்னார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பள்ளி விட்டதும் நேரே நகராட்சிக்குப் போவேன். இன்ஜினியர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினார். ஒப்பந்தக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது என்றார். ஒப்பந்தக்காரர் போனை எடுத்து, கம்பிக்குப் பணம் கட்டியாயிற்று, லாரி வரவேண்டும் என்றார். கவுன்சிலரம்மா என் எதிரிலேயே நாலு பேருக்குப் போன் போட்டுக் கத்தினார். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், எனக்கு மட்டும் வலிக்காதா? நானும்தான் அவர நடந்து வரப் பாத்தேன்" என்று கண் கலங்கினார். நான் யாரைத் திட்டுவது? ஒருத்தராவது எதிர்த்துப் பேசியிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்திருப்பேன். ஒருவரும் அப்படி மாட்டவில்லை. கோபத்தை அப்படியே சுமந்துகொண்டு பஸ்ஸில் நின்றபடி திரும்புவேன்.

கோயம்புத்தூர்த் தம்பி கைபேசியில் புகார் போட்டான். சில நாளில் புகார் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். வேறு ஏதோ ஒரு தெரு, அழகாக மூடி போட்ட வடிகால். "ஆன்ட்டி, இது எந்த ஊருன்னே தெரியலீங்க" என்று அவன் வெட்கப்பட்டுக்கொண்டு காட்டினான், தானே தப்புச் செய்தவனைப்போல. மறுபடி போட்டான். மறுபடி தீர்ந்தது.

ஆடியில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மைக்செட் பாட்டு காலையிலேயே காதைப் பிளந்தது. வருஷா வருஷம் கூழ்த் தவலைக்குப் பக்கத்தில் நின்று அதிகாரம் பண்ணுகிறவர் இவர். "அண்ணாத்த இல்லாம இன்னா கூழு? நாங்க தூக்கிகினு போறோம், நீ கம்முனு இரு அண்ணி" என்று தெரு ஆம்பிளைகள் நாலு பேர் வந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, பலகைமேல் இரண்டு பேர், மண்மேட்டில் இரண்டு பேர் என்று தூக்கினார்கள். நடுவில் பலகை வளைந்தது. நாற்காலி ஒருக்களித்தது. விழவில்லை, பிடித்துவிட்டார்கள். ஆனால் கீழே பள்ளத்தைப் பார்த்த பயத்தில் அவருடைய வேட்டி நனைந்துவிட்டது.

அதைக் கவனிக்காதவர்கள் மாதிரி எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக எதையெதையோ பேச ஆரம்பித்தார்கள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டேன். "ஊட்டுக்கு" என்றார். மறுபடியும் அதே பலகைமேல் அவரைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள். உள்ளே போய்ப் படுத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வேட்டி மாற்ற என்னைக்கூட வெகுநேரம் விடவில்லை. அன்றைய கூழ் சொம்பில் வந்தது. தொடவில்லை.

அதற்குப்பின் கோயில் என்றாலும் வரவில்லை, ஆஸ்பத்திரி என்றாலும் வரவில்லை. ஆவடியில் இருக்கிற எங்கள் மகள் வந்து, "எங்க ஊட்டுக்கு வாப்பா" என்று அழுது கூப்பிட்டாள். அவள் இருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. அங்கேயும் யாராவது தூக்கித்தானே ஏற்ற வேண்டும்? "இன்னொரு தபா என்னிய யாரும் தூக்க வாணாம்" என்று சொல்லிவிட்டார். பிசியோதெரபிப் பெண் ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டுப் பலகை தாண்டி வந்துகொண்டுதான் இருந்தாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் அவரை நடக்கவைக்கப் படாத பாடு பட்டாள். சொன்னால் எழுந்து நிற்பார், திரும்ப உட்காருவார். டீக்கடைப் பேச்சை எடுத்தால் கண்ணை மூடிக்கொள்வார்.

ஆவணி, புரட்டாசி. கம்பி ஒருவழியாக வந்தது. பாதி கட்டினார்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கட்டாத பாதியில் எங்கள் வாசலும் இருந்தது. பள்ளம் நிறைந்து தண்ணீர் நின்றது, பலகை மிதந்தது, எனக்கே பள்ளிக்குப் போக வழியில்லை. அந்த மழையில் அவருக்குக் காய்ச்சல் வேறு வந்து படுக்கையோடு கிடந்தார். காய்ச்சல் விட்டதும் காலை நீட்டச் சொன்னால் நீட்டவில்லை. முழங்கால் மடங்கியபடியே நின்றது. அந்தப் பெண் பிடித்துப் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். சமையலறைக்கு வந்து என்னிடம், "சாரி மேடம்" என்று மட்டும் சொன்னாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

பழி போட ஆள் தேடி நான் அலுத்துப்போனேன். பூஜை போடாதே என்று தடுத்த மேஸ்திரியையா திட்டுவது? எங்களுக்குக் கெட்டது நினைத்தா தெருக்காரர்கள் சண்டை போட்டார்கள்? ஆடியைத் திட்டினேன், கம்பியைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். சும்மா போகிற காக்காயையும் திட்டினேன். என்ன திட்டி என்ன? அந்தக் கால் நீளவில்லை.

தை பிறந்ததும் வேலை ஓடியது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் கட்டினார்கள். வடிகாலை மூடி, மேலே கல் பதித்து, தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும் படி வைக்கவில்லை. கவுன்சிலரம்மா சொல்லி, சரிவாக ஒரு மேடையும் ஓரத்தில் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடியும் போட்டுக்கொடுத்தார். "அண்ணன் இதப் புடிச்சிக்கினே எறங்கலாங்க" என்றார். சரியாக அவருடைய இடது கைப் பக்கம் வைத்திருந்தார். யோசித்து வைத்திருக்கிறார் மனுஷர். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பங்குனியில் திறப்பு. புங்கமரத்துக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார்கள். கடப்பாறை பிடித்த கையாலேயே கத்தரிக்கோலையும் பிடிக்க வேண்டும் என்று கவுன்சிலரம்மா தட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். தெருவே பின்னால் நின்றது. டீக்கடைக்காரர் புதுச் சட்டை போட்டிருந்தார்.

உள்ளே அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சட்டை மாட்டச் சொல்லியிருந்தார், மாட்டிவிட்டிருந்தேன். ஊன்றுகோலைக் கேட்டார். கொடுத்தேன். இடது கையால் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பினார். இடுப்பு எழுந்தது, கால் வரவில்லை. உட்கார்ந்தார். இன்னொரு முறை எம்பினார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"ஏம்மே, நீ போய் வெட்டிட்டு வா" என்றார். "அப்டியே டீக்கட வரிக்கும் நடந்து பாத்துட்டு, எப்டி கீதுன்னு வந்து சொல்லு."

போனேன். ரிப்பனை வெட்டினேன், கை தட்டினார்கள். அதே காலோடு டீக்கடைக்கு நடந்தேன். டீக்கடைக்காரர் ஸ்பெஷல் டீ போட்டு என் கையில் கொடுத்தார். நின்றபடியே குடித்தேன். எனக்கு இறங்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"எப்டி கீது ரோடு?" என்றார்.

"வயவயன்னு கீது. ஒரு கல்லு கூடத் தட்டல."

"டீக்கடைக்கு எவ்ளோ நேரம் ஆச்சி?"

"ரெண்டு நிமிசம் கூட ஆவல" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் தம் வலது காலைக் குனிந்து பார்த்தார். மெல்லக் கேட்டார்.

"அவ்ளோ கிட்டக்கவா கீது?"